தெற்கில் மகிழ்ச்சி, தோட்டத்தில் தயக்கம்

இலங்கையில் 2024 செப்டம்பர் 21ந் தேதி நடந்த ஜனாதிபதி தேர்தலின் முடிவைப் பற்றிய வாதம் நமது ஆலை வாயில்களிலும் கிராமத்துச் சங்கக் கூட்டங்களிலும் இன்னும் ஓயவில்லை. கடலுக்கு அப்பால் நடந்த தேர்தல் நமக்கு எதற்கு என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அந்தத் தீவின் தேயிலைத் தோட்டங்களில் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நமது நாட்டிலே நம்மோடு சேர்ந்து உழைக்கிறார்கள். ஆகவே வாதம் நடக்கட்டும். ஆனால் அது போய்க்கொண்டிருக்கும் திசை நல்லதாக இல்லை. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுத நேர்ந்தது.

முதலில், நடந்தது என்ன? மக்கள் விடுதலை முன்னணியின் தலைவரும், அக்கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளருமான அனுர குமார திசாநாயக்க 56 லட்சத்து 34 ஆயிரம் வாக்குகள் பெற்று முதலாவதாக வந்தார். 2019 தேர்தலில் இதே மனிதருக்குக் கிடைத்தது 4 லட்சத்து 18 ஆயிரம் வாக்குகள்தான். அப்போது 100க்கு 3. ஐந்தே ஆண்டில் 100க்கு 42. எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு ஏறக்குறைய 33. பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17. பாதிக்குமேல் வாக்கு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அங்கே வாக்காளர் தமது சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் குறிக்கலாம். முதல் இருவரைத் தள்ளிவிட்டு மற்றவர்களின் சீட்டுகளை மறுபடி எடுத்து, அடுத்த விருப்பம் யாருக்கு என்று எண்ணினார்கள். அந்நாட்டு ஜனாதிபதி தேர்தல்களில் இப்படி எண்ண நேர்ந்தது இதுவே முதல் தடவை. கடைசியில் 57 லட்சத்து 40 ஆயிரம், 45 லட்சத்து 30 ஆயிரம் என்ற கணக்கில் திசாநாயக்க வென்று, 23ந் தேதி பதவி ஏற்றார்.

தோற்ற பெரிய மனிதர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேமதாச ஒரு ஜனாதிபதியின் மகன். விக்கிரமசிங்க ஒரு ஜனாதிபதியின் உறவினர். நாலாவதாக வந்த நாமல் ராஜபக்ச ஒரு ஜனாதிபதியின் மகன். இன்னொரு ஜனாதிபதிக்கு அண்ணன் மகன். நாட்டைக் குடும்பச் சொத்துபோல் கைமாற்றிக் கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, அனுராதபுர மாவட்டத்துத் தம்புத்தேகமையில் வளர்ந்த ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை ஜெயித்தார். தெற்கில் உழைப்பாளி மக்கள் மகிழ்ந்ததற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் எல்லோரும் மகிழவில்லை. கம்பஹா மாவட்டத்தில் வாக்களித்த 100 பேரில் 55 பேர் அவருக்குப் போட்டார்கள். தேயிலை மாவட்டமான நுவரெலியாவில் 22 பேர். யாழ்ப்பாணத்தில் 7 பேர். 22 தேர்தல் மாவட்டங்களில் 15ல் அவர் முதலாவது. வடக்கு கிழக்கு மாவட்டங்கள் ஐந்திலும், மலைநாட்டில் நுவரெலியா, பதுளை இரண்டிலும் பிரேமதாச முதலாவது. வரைபடத்தில் வர்ணம் தீட்டிப் பார்த்தால் தீவு இரண்டாகப் பிளந்ததுபோலத் தோன்றும்.

இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நமது தோழர்களும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். 'செங்கொடி பிடித்தவன் ஜெயித்திருக்கிறான். தமிழ்த் தொழிலாளிகளோ பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குப் போட்டு வர்க்கத்துக்கே துரோகம் செய்துவிட்டார்கள்' என்பது ஒரு கட்சி. 'சிங்கள வெறிதான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் ஒன்று' என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. முதலாவது பேச்சு தொழிலாளியின் முதுகிலுள்ள தழும்பைப் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது பேச்சு கொழும்புப் பணமூட்டைகளின் காதில் தேனாகப் பாயும்.

தெற்கில் மகிழ்ந்தவர்கள் யார் என்று பார்ப்போம். 2019ல் கோத்தபய ராஜபக்சவுக்கு 100க்கு 52 வாக்குகள் கொடுத்து மகிழ்ந்ததும் இதே தெற்குதான். அப்போது அவர்களுக்குக் காட்டப்பட்டது பகைவன் பயம். கிடைத்தது என்ன? 2021ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை விதித்தார் அந்தப் புண்ணியவான். இயற்கை விவசாயம் என்று உலகத்துக்குப் பெருமை பேசினார். மண்ணைப் பக்குவப்படுத்த அவகாசம் இல்லை, மாற்று உரம் இல்லை. ஆண்டு முடிவதற்குள் தடையைக் கைவிட நேர்ந்தது. அதற்குள் நெல் வயல் வெளுத்துவிட்டது. தேயிலைச் செடியும் வாடிவிட்டது. உரமில்லாத வயல் என்ன தரும் என்று நமது விவசாயத் தொழிலாளர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சர்க்கார் கைவிரித்தது. மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் வரிசை. வெயிலில் நின்றபடியே விழுந்து மாண்ட முதியவர்கள் உண்டு. செப்டம்பரில் விலைவாசி முந்தின ஆண்டைவிட 100க்கு 70 ஏறி நின்றது. நூறு ரூபாய்க்கு வாங்கியதை நூற்று எழுபதுக்கு வாங்கவேண்டும். கூலி மட்டும் பழைய கூலி. ஜூலை 9ந் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ராஜபக்ச நாட்டைவிட்டே ஓடினார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தது? 2020 பார்லிமெண்ட் தேர்தலில் மக்கள் தோற்கடித்திருந்த விக்கிரமசிங்க! ராஜபக்ச கட்சி உறுப்பினர்களே பார்லிமெண்டில் வாக்களித்து அவரை உட்கார வைத்தார்கள். 2023ல் சர்வதேச நிதி நிறுவனத்தோடு ஏறக்குறைய 300 கோடி டாலர் ஒப்பந்தம் ஆயிற்று. உள்நாட்டுக் கடன் சுமையைப் பங்கு பிரித்தபோது, தனியார் பாங்குகள் கைவசமிருந்த கடன் பத்திரங்களைத் தொடாமல் விட்டுவிட்டு, தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டான ஊழியர் சேமலாப நிதியின் வட்டியில் கை வைத்தார்கள். 2024 ஜனவரி முதல் வாட் வரி 100க்கு 18. இவ்வளவும் செய்துவிட்டு அவர் தேர்தலில் நின்ற சின்னம் எது தெரியுமா? கியாஸ் சிலிண்டர்! வரிசையில் நின்ற மக்களுக்கு ஞாபகமூட்ட வேறு பிரசாரம் தேவைப்படவில்லை.

கட்டுநாயக்காவில் வெளிநாட்டுக்கு ஆடை தைக்கும் பெண்கள், ஓர் அறையில் நாலைந்து பேராக வாடகைக்கு இருப்பவர்கள், தேர்தலென்றால் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். அப்படிப் போய் வாக்களித்த பெண்ணும், உரத்துக்கு அலைந்து ஓய்ந்த விவசாயியும் 'திருடர்களை விரட்டினோம்' என்று மகிழ்ந்தால், அதிலே சிங்கள வெறியைத் தேடுகிறவர்கள் கண்ணைக் கழுவிக்கொள்ள வேண்டும். 2019ல் இனப் பயத்துக்கு விழுந்த வாக்கு 2024ல் வயிற்றுப் பிரச்னைக்கு விழுந்தது. ராஜபக்ச குடும்பத்துக்கு இந்தத் தடவை கிடைத்தது 100க்கு 3 கூட இல்லை.

இனி, தயங்கியவர்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையைத் திருத்தித் தேயிலை நட்டு, அந்தத் தீவுக்கே சோறு போட்ட பல லட்சம் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. காரணம் இனவெறி மட்டுமல்ல. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் தங்கள் பிரதிநிதிகளையும், வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களையும் ஆதரித்தார்கள். கொழும்புக் கனதனவான்கள் பயந்தார்கள். அன்று பார்லிமெண்டில் சிங்கள இடதுசாரித் தலைவர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். அதை நாம் மரியாதையோடு நினைக்கிறோம்.

ஆனால் தோட்டத் தொழிலாளி அதற்குப் பின் நடந்ததையும் நினைவில் வைத்திருக்கிறான். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! சந்தையில் மாட்டைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். அந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அந்த மந்திரிசபையில் நிதி மந்திரியாக இருந்தவர் யார்? 1948 சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா. 1972ல் சிங்களத்தையும் பௌத்தத்தையும் உயர்த்தி வைத்த அரசியல் சட்டத்தை வகுத்த மந்திரி அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. செங்கொடி என்றவுடன் தோட்டத்துத் தமிழன் ஏன் கை தட்டவில்லை என்று கேட்கும் தோழர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஒப்பந்தப்படி வந்தவர்களைத்தான் நாம் அறிவோம். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரித் தேயிலைக்கும் நூற்பாலைகளுக்கும் பிரிந்து போனவர்கள் அவர்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களில் பிரஜாவுரிமை கிடைக்காமல் மிச்சமிருந்தவர்களுக்கு 2003ல்தான் சட்டப்படி வழி பிறந்தது. அதாவது, 1948ல் பிறந்த குழந்தைக்கு 55 வயது ஆனபோது.

மக்கள் விடுதலை முன்னணியின் வரலாறும் உண்டு. ரோகண விஜேவீர 1965ல் அதைத் தொடங்கியபோது இளைஞர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தினார். அதில் ஒரு வகுப்பு இந்திய விஸ்தரிப்பு வாதத்தைப் பற்றியது. அந்த வகுப்பிலே தோட்டத் தொழிலாளி உழைப்பாளியாக அல்ல, அந்நிய நாட்டின் கையாளாகக் காட்டப்பட்டான். தீவிலேயே மிகக் கடுமையாகச் சுரண்டப்பட்டவன் ஒரு பாட்டாளிக் கட்சியின் பாடத்தில் எதிரியின் வரிசையில் நிறுத்தப்பட்டான்! 1971 எழுச்சியை சர்க்கார் ரத்த வெள்ளத்தில் நசுக்கியது. 1987ல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து அக்கட்சி மறுபடி ஆயுதம் எடுத்தது. மாகாண சபைகளை ஏற்ற இடதுசாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு சர்க்கார் படைகள் கொன்று குவித்த சிங்கள இளைஞர் தொகை பல பதினாயிரம். ஆகவே பிள்ளையைத் தேடி அழுத தாய்மார் வடக்கில் மட்டும் இல்லை. மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் இருக்கிறார்கள். இதை நமது இரண்டாவது கட்சிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளலாமா? 2005ல், சுனாமி நிவாரணத்தை வடக்கு கிழக்கில் கூட்டாகப் பங்கிடும் ஏற்பாட்டை எதிர்த்து அதே கட்சி சர்க்காரிலிருந்து வெளியேறியது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைந்திருந்ததை 2006ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது, அக்கட்சியினர் போட்ட மனுவின்மேல்தான். யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இது பாட்டி சொன்ன கதையல்ல. அவரே கண்ணால் கண்டது. 100க்கு 93 பேர் தள்ளி நின்றதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தள்ளி நின்றவர்களும் ஒரே பக்கம் போகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தமிழரசுக் கட்சி பிரேமதாசவை ஆதரிக்கச் சொன்னது. வேறு சில தமிழ்க் கட்சிகள் அரியநேத்திரனைப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிறுத்தின. யாழ்ப்பாணத்தில் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக விழுந்தது. விக்கிரமசிங்கவுக்கும் கணிசமாக விழுந்தது. மலையகத்தில் தமிழ் முற்போக்குக் கூட்டணி பிரேமதாச பக்கம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விக்கிரமசிங்க பக்கம். தோட்டத்திலே சங்கம் என்பது சந்தா வாங்கும் ஸ்தாபனம் மட்டுமல்ல; துரையிடம் பேசுவது, வீட்டுக்கு மனு எழுதுவது, பிள்ளைக்குச் சர்டிபிகேட் வாங்குவது எல்லாம் சங்கத் தலைவர் வழியாகத்தான். அவர் கைகாட்டிய பக்கம் வாக்கு போவது அடிமைப் புத்தி அல்ல. வேறு கதவு இல்லாத வீட்டில் இருக்கும் கதவைத் தட்டுவதுதான். ஒன்றுகூட உண்டு: பதுளையில் சிங்களவரே பெரும்பான்மை, அங்கும் பிரேமதாசவே முந்தினார். ஆகவே வரைபடத்தின் வர்ணம் முழுக்க இன வர்ணம் அல்ல.

பிறகு நடந்ததுதான் இரண்டு கட்சிக்காரரையும் வாயடைக்கச் செய்திருக்கவேண்டும். ஜனாதிபதி தேர்தல் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், நவம்பர் 14ந் தேதி, பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. தேசிய மக்கள் சக்தி 225 ஸ்தானங்களில் 159ஐப் பிடித்தது. நுவரெலியாவில் 100க்கு 41 வாக்குகளோடு முதலிடம். யாழ்ப்பாணத்திலும் முதலிடம், 6 ஸ்தானங்களில் 3. மட்டக்களப்பு ஒன்றுதான் அதன் கைக்கு எட்டாமல் தமிழரசுக் கட்சியோடு நின்றது. மலையகத் தமிழ்ப் பெண்கள் பார்லிமெண்டுக்குள் போனார்கள்.

செப்டம்பரில் துரோகி என்றோ வெறியன் என்றோ முத்திரை குத்தப்பட்டவர்கள் நவம்பரில் எப்படி மாறினார்கள்? மாறவில்லை, பார்த்தார்கள். புதிய ஜனாதிபதி வந்தவுடன் தங்கள்மீது தடி விழவில்லை என்று பார்த்தார்கள். பழைய தமிழ்த் தலைவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வதையும் பார்த்தார்கள். ஆயினும் யாழ்ப்பாணத்தில் அந்த முதலிடம் 100க்கு 25 வாக்கில் கிடைத்த முதலிடம். மற்ற 75 பல துண்டாகச் சிதறியிருந்தது. இதை வைத்துக்கொண்டு இனப் பிரச்னையே தீர்ந்துவிட்டது என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மறுபடி முன்னுக்கு வந்தபோது அந்தப் பேனாக்கள் ஓய்ந்தன. தமிழ் வாக்காளர் யாருக்கும் சாசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

கொடுக்கவும் ஏது இல்லை. விசாரணையின்றி அடைத்துவைக்கும் 1979ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்றார்கள். 2025 முடியும்போதும் அது அமலில்தான் இருந்தது. மாகாண சபைகளுக்கு 2014க்குப் பிறகு தேர்தலே நடத்தப்படாமல் ஆண்டுகள் ஓடின. புதிய சர்க்காரின் முதல் ஆண்டும் அப்படியே கழிந்தது. சர்வதேச நிதி நிறுவனத்தின் நிபந்தனைகளைத் தட்டவில்லை. தெற்கில் மகிழ்ந்தவர்களுக்கும் இங்கேதான் முதல் இடி. தோட்டத்து லயக் காம்பராவில் குடியிருப்பவனுக்குக் காலடி மண் சொந்தமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை சரிந்தபோது தீவு முழுதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாவில் பெருஞ் சேதம். வீடு போனவனுக்கு நிலப் பத்திரம் எங்கே என்று கேட்டால் லயத்துக்காரன் எதைக் காட்டுவான்?

கூலியைப் பார்ப்போம். நாட்கூலி 1,000 ரூபாய் என்று 2021ல் நிர்ணயித்தபோது தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2024ல் 1,700 என்று கெஜட்டில் வந்தபோதும் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. தேர்தலுக்குச் சில நாள் முன்னால் 1,350 என்று முடிந்தது. 2025 நவம்பரில் திசாநாயக்க தமது பட்ஜெட்டில் ஓர் அறிவிப்புச் செய்தார்: 2026 ஜனவரி முதல் 1,550, அதற்குமேல் வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபாயைச் சர்க்கார் தரும், ஆக 1,750. கூலி உயர்வு எங்கே வந்தாலும் நமக்குச் சந்தோஷமே. நிர்ணயித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர் போடுகிற வழக்கம் இருக்கும்வரை முழுத் தொகை எத்தனை பேர் கைக்கு வரும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த 200 ரூபாய் யாருடையது? தேயிலை விற்று லாபம் பார்க்கும் கம்பெனியினுடையது அல்ல. சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. கஜானாவை நிரப்புவதில் பெரும் பங்கு, கட்டுநாயக்காப் பெண் சோப்பு வாங்கும்போதும், தம்புத்தேகமை விவசாயி சைக்கிள் டயர் வாங்கும்போதும் கட்டும் 100க்கு 18. செப்டம்பரில் மகிழ்ந்தவன் பையிலிருந்து எடுத்து, செப்டம்பரில் தயங்கியவன் கையில் கொடுக்கிறார்கள். இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போன கம்பெனி அந்த 200ல் ஒரு காசு போடவில்லை. நாளைக்கே கொழும்பில் ஒருவன் எழுந்து, 'உங்கள் வரியை எடுத்துத் தோட்டத் தமிழனுக்குக் கொடுக்கிறார்கள்' என்று தெற்கில் பிரசாரம் செய்தால் என்ன ஆகும் என்று நமது தோழர்கள் யோசிக்கட்டும். அவன் பேசுமுன், இந்தக் கணக்கைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே துண்டுப் பிரசுரமாக அச்சடித்து, மாத்தறையிலும் ஹட்டனிலும் ஒரே நாளில் கொடுக்க அங்குள்ள சங்கங்களால் முடியுமா, முடியாவிட்டால் தடை என்ன? ஆலை வாயிலில் இதைப் பற்றி வாதம் நடக்குமானால் நாமும் வந்து கலந்துகொள்ளத் தயார்.